மேல் கட்டம், கீழ்க் கட்டம்

திருவேங்கடத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதுதான் அந்த வீட்டுக்கு வந்த வினை. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தத் தாளை நாலு பேரிடம் காட்டியிருப்பான். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னாலும், யாராவது ஒருத்தர் சரியாகச் சொல்லித் தொலைத்திருப்பார்கள். அவன் ஏழாவது வரை போனவன். கீழத்திட்டின் அறுபது வீட்டுக்கும் சீட்டு எழுதுகிற கை அவனுடையது. ஊர்க்கூட்டத்தில் அவன் வாசித்தால்தான் வாசித்தது. அந்த கௌரவம் ஒரு மனுஷனைச் சும்மா விடுமா?

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு சாயங்காலம். வாசலில் வலையை விரித்துப் போட்டு, நண்டு அறுத்த வலைக்கண்களை முடிந்துகொண்டிருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டி செல்வம்மாள் மடவை மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அக்கரைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த படகு தரை தட்டியது. மகள் பூவிழி முழங்கால் சேற்றோடு வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

பூவிழிக்குப் பதினைந்து வயசு, பத்தாம் வகுப்பு. எழுத்து மட்டும் அவளிடம் நிற்காது. தாளைப் பார்த்தால் எழுத்துகள் வலையில் விழுந்த எறாக்குஞ்சு மாதிரி துள்ளுகின்றன என்பாள். ஆனால் காதில் ஒரு தரம் விழுந்தது போதும், போன வருஷத்துப் பாடத்தைக்கூட வரி பிசகாமல் ஒப்பிப்பாள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, கற்றல் குறைபாடு என்று அட்டை கொடுத்திருந்தார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று பழவேற்காட்டிலிருந்து நிலோஃபர் டீச்சர் வருவாள். பதினோரு பள்ளிக்கூடம் அவள் தலையில். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதன்கிழமை மட்டும்.

திருவேங்கடம் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். பெற்றோர் ஒன்றைத் தெரிவு செய்து கையொப்பமிட வேண்டும் என்றிருந்தது. மேல் கட்டத்தில், பொதுத் தேர்வு, மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம். கீழ்க் கட்டத்தில், மாற்று மதிப்பீடு. விலக்கு என்ற இடத்துக்கு வந்ததும் அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அவன் முகம் சுருங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஏரியில் வலை கட்டுகிற இடங்களுக்குப் பாடு என்று பேர். யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். அடுத்தவன் முறையில் வலை கட்டினவனை ஊர் அடிக்காது, வையாது. எழுந்து நிற்கவைத்து, ‘பாடு விலக்கு’ என்று வாசித்துவிடும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் திருவேங்கடத்தின் அண்ணன் எல்லப்பனுக்கு அப்படி ஒரு வருஷம் விலக்கு விழுந்தது. மீஞ்சூருக்குப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்தவன் திரும்பி ஏரியில் கால் வைக்கவில்லை. இன்றைக்கும் ஐஸ் மீன்தான் வாங்கித் தின்கிறான். விலக்கு என்ற சொல்லை அந்த வீட்டில் சிரித்துக்கொண்டு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாற்று அப்படியல்ல. முறை வந்த நாளில் புயல் அடித்தாலோ, வீட்டில் சாவு விழுந்தாலோ, ஊர் பார்த்து இன்னொரு நல்ல நாளில் அவனுக்குப் பாடு கொடுக்கும். அதற்குப் பேர் மாற்று. கீழத்திட்டில் ஒருத்தன் ஊரைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிற சொல் அது.

“நைனா, டீச்சரு மேல் கட்டத்துல டிக்கு போட சொன்னாங்க. கீழ வாணாம்னாங்க” என்றாள் பூவிழி.

“மேல இன்னா எழுதிக்கீது, தெரியுமா உனுக்கு?”

“எனுக்கு இங்கிலீஷ் பரிச்ச கெடியாதாம். மத்ததுக்கு நான் வாயால சொல்லச் சொல்ல இன்னொருத்தங்க எழுதுவாங்களாம். ஒரு மணி நேரம் சாஸ்தியா தருவாங்களாம்.”

“அத்தான் நானும் சொல்றேன். பரிச்ச கெடியாதுன்றான். உன் கையால எழுதாதன்றான். இதுக்குப் பேரு இன்னா? தள்ளி வெக்கிறது.”

“இல்ல நைனா, டீச்சரு வந்து…”

“நீ படி பாக்கலாம். இந்தா, படிச்சிக் காட்டு.”

பூவிழி தாளைப் பார்த்தாள். “மொ… ழி… பா…” அதற்குமேல் எழுத்துகள் நகர ஆரம்பித்துவிட்டன. மூக்கின்மேல் வேர்த்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“படிக்கவே தெரில. எனுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா பெரிய கலெக்டரு” என்று சிரித்தபடி அவள் தலையை ஆட்டிவிட்டான். கோபமாகச் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னான்.

செல்வம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். “புதன்கெழம ஒரு நட போயி அந்த டீச்சரம்மாவயே கேட்டுட்டு வாயேன்யா.”

“புதன்கெழம நம்ம பாடுமே. இருவத்திரண்டு நாள் கழிச்சி வர்ற மொறைய உட்டுட்டுப் பள்ளிக்கூடத்து வாசல்ல போயி நிக்க சொல்றியா?”

“வேற நாளிக்கு…”

“வேற நாளிக்கு அந்தம்மா இருக்காது. ஏன், நான் படிச்சது பத்தாதா?”

“உனுக்குத் தெரியாததா” என்று அவள் உள்ளே போய்விட்டாள். ஓர் எழுத்தும் அறியாதவள், அதை மனசாரச் சொன்னாள்.

திங்கட்கிழமை படகேறிப் போய், அவனே ஆபீஸ் ரூமில் தாளைக் கொடுத்தான். கீழ்க் கட்டத்தில் டிக் அழுத்தமாக விழுந்திருந்தது. கையெழுத்தைக் கோடு போட்டு முடித்திருந்தான். கிளார்க் நிமிர்ந்து பார்க்காமல் வாங்கி ஒரு காகிதக் கட்டுக்குள் செருகினார்.

பொங்கல் கழிந்த முதல் புதன்கிழமை, பள்ளிக்கூடம் விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், நிலோஃபர் டீச்சர் கீழத்திட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள். வாடைக்காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது. உட்காரச் சொன்னதையும் காதில் வாங்காமல் கைப்பையைத் திறந்தாள்.

“அண்ணே, இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா டீச்சர்.”

“கீழ்க் கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க.”

“ஆமா. மாத்து கேட்டுப் போட்டேன்.”

“மாத்தா?”

“கொயந்தைக்கு இந்த மொற சரியா வரலன்னா, நல்ல நாளாப் பாத்து இன்னொரு மொற குடுப்பீங்கல்ல?”

நிலோஃபர் வீட்டாருக்குப் பாடு கிடையாது. ஆனால் அவளும் இந்த ஏரித் தண்ணீர் பார்த்து வளர்ந்தவள்தான். அவன் எந்த மாற்றைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு பக்கத்தில் கவிழ்த்திருந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

“மேல விலக்குன்னு போட்டிருந்துச்சே…”

“அத்தான் வாணாம்னு உட்டேன். எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணா டீச்சர், விலக்கி வெக்க?”

“அல்லாவே” என்றாள். “விலக்குன்னா, அவ இங்கிலீஷ் மட்டும் எழுத வேணாம்னு அர்த்தம்ணே. மத்த நாலும் எழுதலாம். ஊரோட சேர்ந்து பொதுப் பரீட்சைதான். அது அவளுக்குக் குடுக்கிற சலுகை. தண்டனை இல்ல.”

“அப்ப கீழ?”

“புரிஞ்சுக்கவே ரொம்பச் சிரமப்படுற பிள்ளைங்களுக்கு அது. பொதுப் பரீட்சையே கிடையாது. அவங்களால என்ன முடியுதுன்னு பள்ளிக்கூடத்துலயே பார்த்து ஒரு தாள் குடுப்பாங்க. அவ கிளாஸ்ல பாசித்னு ஒரு பையன் இருக்கான், அவனுக்கு அதுதான் சரி, நானே எழுதிக் குடுத்தேன். பூவிழிக்கு அது இல்ல. அந்தத் தாளை வெச்சுகிட்டு பதினொண்ணாவதுல சேர்க்க மாட்டாங்க. பத்தாவது பாஸுன்னு எங்கயும் ஏத்துக்க மாட்டாங்க.”

செல்வம்மாள் எறா உரித்த கையோடு வந்து நின்றிருந்தாள். “ஒரு கோடுதான டீச்சர். அத்த அடிச்சிட்டு மேல போட்டுக்கோயேன்.”

“பரீட்சைப் பட்டியல் மேல போயிடுச்சுக்கா. கம்ப்யூட்டர்ல மூடிட்டாங்க. இப்ப அச்சாகி வந்தப்புறம்தான் நானே பார்க்கிறேன். அவ பேரு அதுல இல்ல.” முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நானும் முன்னாடியே பார்த்திருக்கணும். ரெண்டு மாசமா வேற பள்ளிங்களுக்கு அலையவிட்டுட்டாங்க.”

பட்டியல் போய்விட்டது என்றால் என்ன என்று திருவேங்கடத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போன சித்திரையில், சீட்டு எடுக்கிற அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த வடிவேலு, அப்புறம் வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். “வாசிச்ச சீட்டு வாசிச்சதுதான், ஒருத்தனுக்கு அடிச்சி எழுதினா எல்லாத்துக்கும் அடிக்கணும்” என்று சொல்லி அனுப்பிவைத்த நியாயவான் இவன்தான்.

“நான் பூவிழிகிட்டதான் வெவரமா சொல்லி அனுப்பினேன்ணே. கேட்டதை ஒரு வார்த்தை மாத்திச் சொல்ற பொண்ணு இல்ல அவ. உங்ககிட்ட சொல்லலியா?”

“சொல்லிச்சி” என்றான்.

அன்றைக்கு மூக்கில் வேர்வையோடு தாளைத் திருப்பிக் கொடுத்த மகளின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. பெற்ற மனசு அதை எப்படித் தாங்கும்? கையில் இருந்த வலைக்கயிற்றைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

பேச்சு முடிவதற்குள் பூவிழியே பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள். டீச்சரைத் தன் வீட்டு வாசலில் கண்டதில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேர் முகத்தையும் பார்த்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

“இன்னா நைனா?”

“உம்பேர பள்ளிக்கூடத்துல உட்டுட்டாங்களாம்மா” என்றான் திருவேங்கடம். “டீச்சரு சரி பண்ணிடுவாங்க. நானும் போயி பேசறேன்.”

நிலோஃபர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. படகுத்துறை வரை போகும்போதும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரியாதைதான் அவனை அதிகமாகச் சுட்டது.

ராத்திரி சோறு போடும்போது செல்வம்மாள் விடவில்லை. “ஏன்யா கொயந்தகிட்ட பொய் சொன்ன?”

“நான்தான் பண்ணேன்னு சொன்னா, அது இன்னா நெனைக்கும்மே?”

“நெசத்த நெனைக்கும்.”

குழம்பில் கிடந்த மீனை முள்ளெடுக்காமல் பிசைந்தான். அவள் அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளெடுத்துத் திரும்பத் தள்ளினாள்.

அதற்கப்புறம் அவனும் டீச்சரும் மாவட்டக் கல்வி ஆபீசுக்கு இரண்டு நடை நடந்தார்கள். திருப்பாலைவனம் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் நிலோஃபர் மனுவை மடியில் வைத்து மறுபடி மறுபடி படித்துக்கொண்டே வந்தாள். ஆபீசர் கெட்டவரில்லை. உட்கார நாற்காலி போட்டார். திருவேங்கடம் பாடு, விலக்கு, மாற்று என்று கீழத்திட்டு வழக்கம் முழுவதையும் அவருக்குச் சொல்லிப் பார்த்தான். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்ப படிச்சுப் பார்த்துதான கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமா சார்.”

‘பெற்றோர் கவனக்குறைவு’ என்று எழுதி மேலே அனுப்பினார். உத்தரவு வந்தால் பரீட்சை அன்றைக்குக் காலையில்கூட எழுதலாம் என்றார். வராவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

மாசி மாசத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அந்த மாற்று மதிப்பீடு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் மேசைமேல் பட அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள். அந்த ரூமில் இரண்டே பிள்ளைகள், பாசித்தும் பூவிழியும். திருவேங்கடம் ஜன்னலுக்கு வெளியே நின்றான். பாசித் பத்து ரூபாய்க் காசைச் சரியாகத் தொட்டுக் காட்டியதும், அவன் அம்மா ஜைனம்பு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. பூவிழியும் கை தட்டினாள். ஒரே கட்டம் ஒரு வீட்டுக்கு விளக்கேற்றுகிறது, இன்னொரு வீட்டில் அணைக்கிறது.

அந்த அம்மாள் ஓர் அட்டையைக் காட்டி, “இது என்னம்மா?” என்றாள்.

“கெண்ட” என்றாள் பூவிழி. “நல்ல தண்ணி மீனு. எங்க ஏரில கெடியாது, உப்புல செத்துப்பூடும். செதிலு பெருசா போட்டுக்கீறாங்க, இவ்ளோ இருக்காது.”

அந்த அம்மாள் தாளில் எழுதிக்கொண்டாள், ‘மீனை அடையாளம் காண்கிறார்’ என்று.

“இன்னா நைனா, ஒண்ணாங்கிளாசு பரிச்சைய வெச்சாங்க” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள் பூவிழி. “பாசித்துக்கு வெச்சாங்க, சரி. எனுக்கு இன்னாத்துக்கு?”

“சும்மாம்மா” என்றான். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது வேண்டியிருக்கிறது.

அவளோ தகப்பன் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான் என்று முழுசாக நம்பினாள். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம், “எங்க நைனா ஆபீசுலயே போயி பேசினு கீறாரு” என்று சொல்லி வைத்தாள். மத்தியானத்தில் வலை வேலை ஓய்ந்ததும் அவன் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அறிவியலும் சமூக அறிவியலும் உரக்க வாசித்தான். வாயில் நுழையாத பேரையெல்லாம் கூட்டிக் கூட்டிச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே எறாவைப் பெருசு சிறுசாகப் பிரித்துப் போட்டாள். பக்கம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அத்தனையும் திருப்பிச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் அவன் கையால் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறான்.

பங்குனியில் பரீட்சை தொடங்கியது. கீழத்திட்டிலிருந்து இந்த வருஷம் ஆறு பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களை அக்கரை சேர்ப்பதாகத் திருவேங்கடம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். படகுத்துறையில் ஊர்க்கிழவி பச்சையம்மா ஆறு பேர் நெற்றியிலும் விபூதி இட்டாள். ஏழாவதாகப் பூவிழி முகத்தை நீட்டியபோது ஒரு கணம் தயங்கிவிட்டு, அவளுக்கும் இட்டாள். ஊருக்கே விஷயம் தெரியும். பூவிழிக்கு மட்டும்தான் தெரியாது.

“வாணாம்யா, இட்டுனு போவாத” என்று செல்வம்மாள் அவன் காதோடு சொன்னாள்.

“உத்தரவு வந்தாலும் வரும்மே. டீச்சரு அங்கதான் கீறாங்க. வந்து, கொயந்த அங்க இல்லன்னா?”

யூனிஃபாரம் தேய்த்து உடுத்தி, ரெட்டைப் பின்னல் போட்டுப் படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள் பூவிழி. கையில் இரண்டு புதுப் பேனா.

“நீதான் எழுத மாட்டியே, இன்னாத்துக்குப் பேனா?” என்று ஒரு பிள்ளை கேட்டது.

“எனுக்கு எழுதறவங்க கொண்டாரலன்னா?” என்றாள்.

பள்ளிக்கூட வாசலில் நிலோஃபர் போனைக் காதில் வைத்தபடி இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒன்பதே முக்காலுக்கு வரிசை போட்டுப் பேர் வாசித்தார்கள். கீழத்திட்டுப் பிள்ளைகள் ஆறு பேரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பூவிழி வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் தரைதான் மிஞ்சியது. நிலோஃபர் போனை இறக்கினாள். தூரத்திலிருந்தே திருவேங்கடத்தைப் பார்த்துத் தலையை இல்லை என்று அசைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள்.

பூவிழி வேப்பமரத்தடிக்கு வந்தாள். அழவில்லை. அவளுக்குக் கோபம்தான்.

“நைனா, மறுபடியும் எம்பேர உட்டுட்டாங்க. நீ போயி சொல்லு. நம்ம மேல தப்பு இல்லல்ல? நீ சொன்னா கேப்பாங்க.”

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவள் கண் அவன் முகத்திலேயே இருந்தது. “இங்கியே இரு” என்று சொல்லிவிட்டு கேட்டை நோக்கி நடந்தான்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திருவேங்கடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னாய்யா வோணும்?”

அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். மரத்தடியில் மகள் பேனாவோடு பார்த்துக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குள்ளே காட்டினான், நியாயம் கேட்கிறவன் மாதிரி.

“மணி இன்னா சார்?”

“பத்து அஞ்சு.”

“இன்னொரு தபா சொல்லு சார்” என்றான் திருவேங்கடம், தணிந்த குரலில். “எம்பொண்ணு பாத்துனு கீது. கொஞ்ச நேரம் பேசினாப்ல இருக்கும்.”

வாட்ச்மேன் அவன் தோளுக்கு மேலாக அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைத் திருப்பினார்.

“பத்து ஆறு” என்றார்.